எதிர்வீட்டுக்குப் போன மாதா

1

மாதா இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறார். ஒக்டோபரில் ஒரு நாளைக்கென்று வந்தவர். நத்தாரும் போய் வருடப் பிறப்பும் போய்விட்டது. வெளியே பனி தள்ளுகிற வண்டி மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு கட்டடங்களுக்கிடையே போய்வருகிறது. மாதா எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

செபமாலை மாதத்தில் மாதாவின் சுருவம் வீடு வீடாகப் போவது ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் ஒரு நாள். மறுநாள் பொழுதுபட அந்த வீட்டார் பாடிக்கொண்டு கொண்டுபோய் அடுத்த வீட்டு வாசலில் கொடுக்க வேண்டும். ஒஸ்லோவிலும் நாங்கள் அதை விடவில்லை. அம்மருட்டிலும் பக்கத்து மேடுகளிலும் இருக்கிற எங்கள் சனத்தின் வீடுகளுக்கு ஒவ்வொரு வருடமும் மாதா போவார். மழை பெய்தாலும் போவார், முதற்பனி விழுந்தாலும் போவார். எந்த வீட்டிலும் ஒரு நாளுக்கு மேல் தங்கியதில்லை. இந்த முறைதான் என்னிடம் தங்கிவிட்டார்.

சுருவமென்றால் சின்னச் சிலைதான். பிறந்த குழந்தையின் அளவு. இடது கையில் ஒரு விரல் இல்லை. ஊரில் செல் குண்டு விழுந்த நாளில் பங்கருக்குள் உடைந்த விரல் அது. யாரோ ஒரு தாய் உடுப்பு மூட்டைக்குள் வைத்து வன்னியெல்லாம் சுமந்து, பிறகு இங்கே அனுப்பி வைத்தாள்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் பத்திரிகையில் திருத்திப் போடுங்கள். சொன்னதைத் திருத்த வேண்டாம்.

2

என் வாசலுக்கு நேர் எதிர் வாசல் பியாற்றிஸின் வீடு. கொங்கோ நாட்டுக்காரி. நாற்பது வயது இருக்கும். முதியோர் இல்லத்தில் வேலை. நவோமி என்று பத்து வயதில் ஒரு மகள். எங்கள் ஊரிலும் எத்தனை பியாற்றிஸ் இருந்தார்கள்! முதல் நாள் பெயரைக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என் பெயர் என்னவென்று கேட்டாள். பிலோமினா என்றேன். அவளும் சிரித்தாள். அவளுடைய சித்திக்கும் அதே பெயராம்.

நாங்கள் இருவரும் கதைப்பது நோர்வே மொழி. அது நோர்வே மொழி என்பது நோர்வேக்காரருக்குத் தெரியாது. அவள் பிரெஞ்சைக் கலப்பாள், நான் தமிழைக் கலப்பேன், இரண்டு பேரும் கையைக் கலப்போம். விளங்காத விசயம் ஒன்றும் எங்களுக்கிடையில் இல்லை.

அவளைப் பற்றி நல்லது மட்டும் சொல்லப் போவதில்லை. மீன் பொரித்தால் மாடி முழுக்க மணக்கும். ஞாயிறு காலையில் பாட்டுப் போட்டால் என் அலுமாரிக் கண்ணாடி அதிரும். கோபம் வந்தால் கட்டட நிர்வாகசபைக்காரரிடமும் கையை நீட்டிப் பேசுவாள். ஒரு முறை நான் மாடிப்படியில் அவளுக்கு வழிவிடாமல் நடுவால் இறங்கினேன். என் நடையே அப்படித்தான்.

"இஞ்சை பார்" என்று என் கையைப் பிடித்துத் தன் கையோடு சேர்த்து வைத்தாள். "ஆர் கறுப்பு? நீயோ நானோ? நடையைப் பார்த்தால் மகாராணியின்ரை தங்கச்சி."

"தங்கச்சி இல்லை. அக்கா" என்றேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் சிநேகிதம்.

போன வைகாசி முடிய ஒன்று தொடங்கியது. கீழே முன்கதவுக்குள் கடிதப் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருக்கும். பியாற்றிஸின் பெட்டியில் மட்டும் பெயர் உரிக்கப்பட்டிருந்தது. குழப்படிப் பிள்ளைகள் என்று நினைத்தோம். அவள் புதிதாக ஒட்டினாள். அது உரிந்தது. மறுபடியும் ஒட்டினாள், மறுபடியும் உரிந்தது. பெயர் இல்லாத பெட்டிக்குத் தபால்காரர் கடிதம் போடமாட்டார். திருப்பி அனுப்பிவிடுவார்.

பிறகு மின்தூக்கிக்குள் ஒரு ஒட்டுப்படம். கொடி ஒன்றும் அதன் கீழே ஒரு வசனமும். எனக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. பக்கத்தில் நின்ற நவோமியிடம் என்ன எழுதியிருக்கு என்று கேட்டேன். அவள் வாசித்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு, "விளம்பரம்" என்றாள்.

புரட்டாதியில் ஒரு பின்னேரம் பியாற்றிஸும் பிள்ளையும் வேலையும் பள்ளிக்கூடமும் முடிந்து வந்தால் சாவி உள்ளே போகவில்லை. பூட்டுத் துவாரத்துக்குள் பசை ஊற்றியிருந்தார்கள். காய்ந்து கல்லாகிவிட்டது. பூட்டுத் திருத்துகிறவன் வரும்வரை என் வீட்டில் இருந்தார்கள். நவோமி பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து கழற்றவே இல்லை. பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. நிர்வாகசபை, பொடியன்களின் விளையாட்டு என்றது.

கட்டடத்தின் முன்கதவு எப்போதும் பூட்டியிருக்கும். சாவி இல்லாமல் ஒருவரும் உள்ளே வர முடியாது. அதைப் பற்றி அன்று ஒருவரும் பேசவில்லை. எனக்கு மட்டும், மாடிப்படியில் யாரைக் கண்டாலும் கையைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

3

நான் பிறந்த தீவில் எங்கள் வீடுகள் இருந்த சின்னத் தெருவுக்குள், எங்கள் ஒழுங்கைக்குள், மாதா வந்ததில்லை.

இதை நான் இந்த நாட்டில் யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்காததால் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கோவிலைச் சுற்றி எல்லா வட்டாரத்துக்கும் சுருவம் போகும். எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு கணம் நிற்கும், பிறகு மற்றப் பக்கம் திரும்பிவிடும். என் தாய் ஒவ்வொரு வருடமும் முகப்பில் மெழுகுதிரியோடு நின்று கும்பிட்டாள். என் தகப்பன் மட்டும் ஒரு முறை கோவில் மூப்பரிடம் காரணம் கேட்டார்.

"ஒழுங்கை ஒடுக்கம்" என்றார் மூப்பர். "சுருவம் திரும்பாது."

பிறந்த குழந்தையின் அளவான சுருவம் திரும்பாதாம். எங்கள் ஒழுங்கையால் கலியாணம் போனது, பிரேதம் போனது. மாட்டு வண்டிலில் விறகு போனது. மூப்பர் வீட்டுக்கு நாங்கள் சுமந்த மூட்டை எல்லாம் அந்த ஒழுங்கையால்தான் போனது.

இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடங்களில் வடக்கே மீன் தொழிற்சாலையில் நானும் என் மனுசனும் வேலை செய்தோம். சூரியன் இரண்டு மாதம் முகம் காட்டாத ஊர். ஒரு நாள் கடைவாசலில் ஒருவன் எங்களைப் பார்த்து ஒரு சொல்லைச் சொல்லித் துப்பினான். அதன் அர்த்தம் எனக்கு வெகுகாலத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஊரில் எங்களுக்குச் சொன்ன சொல்லும் அதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஆனால் அந்த வடக்கு ஊரில்தான் முதல் தடவையாக மாதா என் வீட்டுக்குள் வந்தார். அங்கே இருந்த தமிழர் கொஞ்சப் பேர். கொஞ்சப் பேராக இருக்கும்போது ஒழுங்கைகள் அகலம். பிறகு எல்லோரும் ஒஸ்லோவுக்கு வந்து கூடினோம். நாங்கள் கூடக் கூடக் கேள்விகளும் கூடின. ஊரிலை எந்தப் பக்கம்? கோவிலுக்குக் கிழக்கையோ மேற்கையோ? இப்படிக் கேட்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

4

ஒக்டோபர் கடைசிக்கு மாதா என் முறைக்கு வந்தார். நகரத்துக்குள் குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்கு ரயிலில் போய்ப் பூவும் கடலையும் வாழைப்பழமும் வாங்கி வந்தேன். வெள்ளைத் துணி விரித்து மேசை கட்டினேன். பியாற்றிஸையும் வரச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரி, கத்தோலிக்கப் பெட்டை. சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் சனம் வந்து கூடித் தமிழில் செபமாலை போனது. அவள் தன் மொழியில் மெல்லச் சொன்னாள். ஒவ்வொரு அருள்நிறை மரியேயும் எங்களோடு சேர்ந்து தொடங்கி எங்களுக்கு முன்னமே முடிந்தது. முடிவில் அவள் ஒரு பாட்டுப் பாடினாள். பாடுகிறபோது அந்தப் பெரிய உடம்பு சின்னப் பிள்ளையாகிவிட்டது. அவள் கடலையை வாங்கிக்கொண்டு போன பிறகு, கதிரையில் இருந்த ஒருவர் சொன்னார்: "காப்பிலி நல்லாத்தான் பாடுது." மற்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட மனதோடு சொல்லவில்லை. அதுதான் பயம். கெட்ட மனது இல்லாமலே, ஆபிரிக்கரை இழிக்கிற அந்தச் சொல் வருகிறது.

மறுநாள் காலை பியாற்றிஸ் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து மாதாவுக்கு முன்னால் நின்றாள்.

"மாமா" என்றாள். அவர்கள் நாட்டில் வயதானவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், தாய் என்று அர்த்தம். "இவ எல்லா வீட்டுக்கும் போறாவாமே. என்ரை வீட்டுக்கும் வருவாவோ? ஒரு நாள் போதும்."

"ஏன் திடீரெண்டு?"

"பூட்டுக்குப் பசை ஊத்தின நாளிலிருந்து நவோமி தன்ரை கட்டிலிலை படுக்கிறேல்லை. இவ ஒரு நாள் வந்து தங்கினால் வீடு எங்கடை வீடு எண்டு பிள்ளை நம்பும்." பிறகு மாதாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். நீலக் கண், ரோசாக் கன்னம். "பயப்படாதை, ஒரு வெள்ளைக்காரியாவது எங்கடை வீட்டுக்கு விரும்பி வரட்டுமே."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிய அவள் கண்ணைத் துடைத்தாள்.

அவள் தன் பூட்டனின் கதையை எனக்கு முன்னமே சொல்லியிருந்தாள். காட்டில் ரப்பர் பால் போதாதென்று வெள்ளைக்காரர் அவருடைய கையை வெட்டினார்களாம். அந்த வெள்ளைக்காரரின் கப்பல்களில்தான் அவர்களுக்கு மாதாவும் வந்தார். எங்களுக்கும் கப்பலில்தான் வந்தார். கொண்டு வந்தவர்களை விட்டுவிட்டு மாதாவை மட்டும் வைத்துக்கொண்டோம், அவளும் நானும்.

அன்று பின்னேரம் மாதா என் மகன் சீலனின் வீட்டுக்குப் போக வேண்டிய முறை. அவன் முற்றத்துக்கு அந்தப் பக்கக் கட்டடத்தில் இருக்கிறான். மாதா போகும் முறைகளை ஒழுங்கு பார்க்கிறவர் மாஸ்டர். இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். நான் ரெலிபோனில் சொன்னேன்: "தம்பி, இண்டைக்கு எதிர்வீட்டிலை. நாளைக்குச் சீலன் வீட்டை. எல்லாரும் ஒரு நாள் தள்ளிப் போகட்டும்."

 "நான் வாறன் அம்மா" என்றார் மாஸ்டர்.

5

மாஸ்டர் தனியாக வரவில்லை. சீலனையும் கூட்டி வந்தார். இதை நீங்கள் விளங்கிக்கொள்ள ஒரு விசயம் சொல்ல வேண்டும். சீலனின் மகள் அனித்தாவும் மாஸ்டரின் மகனும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். இரண்டு பிள்ளைகளும் இங்கே பிறந்தவர்கள், எந்தப் பக்கம் என்ற கேள்வியே தெரியாதவர்கள். பெரியவர்களுக்குத் தெரியும். மாஸ்டர் வீட்டில் இன்னும் ஓம் சொல்லவில்லை. விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சீலன் அந்த மாதம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

தேத்தண்ணி கொடுத்தேன். மாஸ்டர் மாதாவுக்கு முன்னால் தன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"அம்மா, நான் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை. அவவும் கத்தோலிக்கர்தான். ஆனால் நிலைமையைப் பாருங்கோ. அந்தக் கதவுக்குப் பசை ஊத்தினவன் நாளைக்கு நெருப்பு வைக்கமாட்டான் எண்டு என்ன நிச்சயம்? சுருவத்துக்கு ஏதும் நடந்தால் சனத்துக்கு ஆர் பதில் சொல்லுறது?"

"செல்லுக்குள்ளாலை வந்த சுருவம், தம்பி. விரலைப் பாருங்கோ."

"அது வேறை."

"என்ன வேறை?"

"அது எங்கடை பிரச்சினை. இது அவையின்ரை பிரச்சினை. நாங்கள் இந்த நாட்டிலை ஒருத்தரோடையும் கொளுவாமல் பேரெடுத்த சனம். எங்களை இவங்கள் வேறையாத்தான் பாக்கிறாங்கள். அவையளோடை சேத்துப் பாக்க வைக்கக்கூடாது."

சீலன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, விடுங்கோ. அவவை வேணுமெண்டால் இஞ்சை வந்து கும்பிடச் சொல்லுங்கோ" என்றான்.

ஒழுங்கை முகப்பில் நின்று கும்பிடச் சொல்கிறான். அவனுக்கு அது தெரியாது. அவன் பிறந்து கைக்குழந்தையாக இருக்கும்போதே நாங்கள் தீவை விட்டுவிட்டோம். அவனுடைய அப்பம்மாவும் அம்மம்மாவும் மெழுகுதிரியோடு எங்கே நின்றார்கள் என்று நான் அவனுக்குச் சொல்லாமல் வளர்த்தேன். அவன் நிமிர்ந்து நடக்க வேண்டுமென்று வளர்த்தேன்.

நான் மாஸ்டரைப் பார்த்தேன். நல்ல மனிதர். என் மனுசன் செத்தபோது பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்.

"அப்ப என்ன தம்பி" என்றேன், "ஒழுங்கை ஒடுக்கமோ?"

மாஸ்டர் எங்கள் தீவுக்காரர்தான். வேறு வட்டாரம். கோப்பையை வாய்க்குக் கொண்டு போனவர் குடிக்காமல் மேசையில் வைத்தார். வைத்த சத்தம் கேட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார், முதல் தடவை பார்க்கிற மாதிரி. இத்தனை நாள் விசாரித்த விசாரணைக்கு நானே பதிலைச் சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

சீலன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன ஒழுங்கை?" என்றான்.



6

அன்று பொழுதுபட நான் மாதாவைச் சால்வையால் சுற்றித் தூக்கிக்கொண்டு எதிர் வாசலுக்குப் போனேன். எங்கள் சனத்தில் வந்தது அனித்தா மட்டும். வாசலோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். கையில் ரெலிபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"அப்பம்மா, இது ஒரு சிலைதானே" என்று மெல்லச் சொன்னாள். "ஏன் இவ்வளவு stress... எல்லாருக்கும்?" அவளுடைய தமிழில் இப்படி வேற்றுச் சொற்கள் வந்து விழும்.

"சிலை எண்டால் ஏன் பிள்ளை வாசலிலை இருக்கிறாய்? உள்ளுக்கு வா."

அவள் வரவில்லை. பாதியில் எழுந்து போய்விட்டாள். போகும்போது என் கன்னத்தில் முத்தம் தந்தாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது.

பியாற்றிஸின் ஆட்கள் ஆறேழு பெண்கள் வந்திருந்தார்கள். தலையில் கலர்த் துணி, கழுத்தில் செபமாலை. அவர்கள் மேசையில் தாளம் போட்டு, எழுந்து நின்று, தோளை அசைத்துப் பாடினார்கள். எனக்கு அது அதிகச் சத்தம். மாதா இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்கமாட்டார், செல் விழுந்த நாளைத் தவிர. ஆனால் நவோமி மாதாவின் காலடியில் இருந்து விரல் இல்லாத கையைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

பாட்டின் நடுவில் அழைப்பு மணி அடித்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். வேறு வீடுகளில் மணி அடித்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். அந்தப் பெண்கள் அப்படி நினைக்கவில்லை. ஒருத்தி போய் ஜன்னலுக்குப் பக்கத்திலிருந்த மெழுகுதிரியைத் தள்ளி வைத்தாள். பியாற்றிஸ் வாசலுக்குப் போனாள், நானும் பின்னால் போனேன். கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடிக் கண்ணில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு விலகி என்னைப் பார்க்கச் சொன்னாள்.

நான் பார்த்தேன். ஒரே இருட்டு. மாடிப்படி விளக்கு அந்த நேரத்தில் எரியும். எரிகிறது, கதவின் அடியில் வெளிச்சக் கோடு தெரிகிறது. கண்ணில் மட்டும் வெளிச்சம் இல்லை. அந்தப் பக்கத்தில் யாரோ விரலால் மூடிக்கொண்டு நின்றார்கள். கதவின் தடிப்புத்தான் எங்களுக்கிடையில்.

 பிறகு கண்ணில் வெளிச்சம் வந்தது. படிக்கட்டில் காலடிச் சத்தம் போனது. ஓடவில்லை. அவசரமில்லாமல், தன் வீட்டுக்குப் போகிற ஆள் போலப் போனது. மேலே போனதா கீழே போனதா என்று இரண்டு பேருக்கும் சரியாகத் தெரியவில்லை.

பியாற்றிஸ் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கினாள்.  

7

மறுநாள் பின்னேரம், இருள் விழ, மாதாவைச் சீலன் வீட்டுக்குக் கொண்டுபோனோம். நான் சுருவத்தைத் தூக்கினேன். பியாற்றிஸ் போத்தலுக்குள் மெழுகுதிரி வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். நவோமி பூ. முற்றத்தில் ஈர இலைகள் சறுக்கின. பின்னால் எங்கள் கட்டடத்து ஜன்னல்களில் ஆட்கள் நின்று பார்ப்பது தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சீலன் வீட்டு வரவேற்பறை விளக்கு எரிந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் ஒன்றிரண்டு பேருக்கு மேல் அசைந்தார்கள். கீழே நின்று மணியை அழுத்தினேன். மணிக்குப் பக்கத்தில் இருக்கிற பேசுகிற பெட்டிக்குள் டிக் என்று சத்தம் கேட்டது. மேலே யாரோ எடுத்துக் காது கொடுக்கிறார்கள்.

"சீலன், மாதா வந்திருக்கிறா. கதவைத் திற."

மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் கோப்பைகளின் சத்தம், ஓர் ஆணின் இருமல். அந்த இருமல் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

"அம்மா" என்றான் சீலன் கடைசியில், மிக மெதுவாக. "இண்டைக்கு வேண்டாம். மாஸ்டர் வீட்டார் நிக்கினம். பிள்ளையின்ரை விசயம் கதைச்சுக்கொண்டிருக்கிறம்."

"மாதாவை வைச்சுக்கொண்டு கதைச்சால் என்ன?"

"அம்மா, பிள்ளைக்காக. தயவுசெய்து."

டிக் என்றது.

பியாற்றிஸுக்குத் தமிழ் தெரியாது.  மெழுகுதிரியை அவள் ஊதவில்லை. மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். வரவேற்பறை விளக்கு அணைந்தது.

"ஆக்கள் இல்லையோ?" என்று கேட்டாள் நவோமி.

"இருக்கினம்" என்றேன். அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல நான் விரும்பவில்லை.

திரும்பி நடந்தோம். பாதி வழியில் பியாற்றிஸ் தொடங்கினாள், நான் என் பாட்டைத் தொடங்கினேன். இரண்டு மொழியில் இரண்டு பாட்டு. மாதாவைப் பாடாமல் கொண்டு போகக்கூடாது, எந்தப் பக்கம் கொண்டு போனாலும்.

8

நத்தாருக்கு முன் கோவிலில் ஒருவர் சொன்னார், ஊரிலிருந்து புதுச் சுருவம் வந்திருக்கிறதாம். மாஸ்டர்தான் எடுப்பித்தாராம். "பழசு அம்மாவோடையே இருக்கட்டும், வயசான ஆள், ஆறுதலா இருக்கும்" என்று சொன்னாராம். எவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். செல் உடைத்த விரலோடு எல்லா வீட்டுக்கும் போனவர், பியாற்றிஸ் வீட்டில் ஒரு நாள் தங்கிய பிறகு ஒரு வீட்டுக்கும் ஆகாதவரானார்.

கலியாணப் பேச்சு நிற்கவில்லை. என்னோடு மட்டும் அதைப் பேசுவதில்லை. அனித்தா முன்பு சனிக்கிழமைகளில் வருவாள். இப்போது வேலையாம். அவளைக் குறை சொல்லமாட்டேன். அவளுக்குத் தெரியாத ஒரு ஒழுங்கையில் அவளைக் கொண்டுவந்து விட்டவள் நான். ஆனால் அந்த ஒழுங்கையைப் போட்டது நான் இல்லை.

பியாற்றிஸுக்குத் துரொண்ட்ஹெய்ம் நகரத்தில் ஒரு சகோதரி இருக்கிறாள். அங்கே வரச் சொல்கிறாளாம். "நீயும் வா மாமா, எங்களோடை வெள்ளைக்காரியையும் கூட்டிக்கொண்டு போவம்" என்று சிரிக்கிறாள். பழைய சிரிப்பு இல்லை. நவோமி தன் கட்டிலில் படுக்கிறாள். ஆனால் படுக்கைக்குப் போகுமுன் கதவுக் கண்ணில் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போகிறாளாம்.

போகாதே என்று நான் பியாற்றிஸுக்குச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒன்று செய்தேன். அவளுடைய கடிதங்கள் திரும்பிப் போகாமலிருக்க, அவள் பெயரையும் என் பெட்டியில் என் பெயருக்குக் கீழே போடச் சொன்னேன். நவோமி வடிவான எழுத்தில் இரண்டு பெயரையும் ஒரே துண்டில் எழுதி ஒட்டினாள். என் பெட்டியை இத்தனை வருடத்தில் ஒருவரும் தொட்டதில்லை. பள்ளிக்கூடங்களைக் கூட்டித் துடைத்து, வரி கட்டி, பனியில் விழுந்து எழும்பி வாழ்ந்த வீடு இது. நோர்வே எழுத்தில் எனக்குச் சரியாக வாசிக்க வருவது என் பெயர் ஒன்றுதான்.

இன்று காலை கீழே போனேன். பெட்டியில் பெயர் இல்லை. அவளுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

கிழிக்கவில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, பொறுமையாக, பசைகூட மிஞ்சாமல் உரித்திருந்தது. நான் அந்த வெறும் இடத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. பியாற்றிஸின் பெட்டியில் எப்போதும் கந்தலாகத்தான் உரிந்திருக்கும். இது வேறு மாதிரி. ஒருவேளை அதே கை பழகிக்கொண்டிருக்கலாம். ஒருவேளை வேறு கையாக இருக்கலாம்.

முன்கதவுச் சாவி இந்தக் கட்டடத்து வீடுகளில் இருக்கிறது. எனக்கு ஏதும் நடந்தால் உள்ளே வருவதற்கென்று நான் கொடுத்த சாவி ஒன்று என் மகன் வீட்டிலும் இருக்கிறது. வாசல் பக்கத்து ஆணியில், எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில் தொங்கும்.

இதுவரை எழுதிவிட்டு ஒரு துண்டு வெட்டினேன். இந்த முறை நவோமியைக் கூப்பிடவில்லை. நானே எழுதினேன், எனக்குத் தெரிந்த எழுத்தில். பிலோமினா. அதற்குக் கீழே பியாற்றிஸ். இரண்டும் தமிழில். தபால்காரருக்கு இது விளங்காது. இந்தக் கட்டடத்து நோர்வேக்காரனுக்கும் விளங்காது, சுழித்த கோடுகள் என்று நினைப்பான். தமிழ் வாசிக்கத் தெரிந்த கை வந்தால், வாசித்துவிட்டுத்தான் உரிக்க வேண்டும்.

கொண்டுபோய் ஒட்டி, நாலு மூலையையும் பெருவிரலால் அழுத்திவிட்டு வந்தேன். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். விடிந்ததும் கீழே போய்ப் பார்க்க வேண்டும்.